நாளுக்கு எத்தனை லாடம்? சட்டம் சொல்லாத கணக்கு

குதிரைக்கு லாடம் அடிப்பவரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்போது முடியும்?" பந்தயக் குதிரையின் பயிற்சியாளர் கேட்கிறார். மாலையில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்ப வேண்டியவரும் கேட்கிறார். லாடம் சரியாக அமைந்ததா என்ற கேள்வி, பெரும்பாலும் குதிரை நொண்டத் தொடங்கிய பிறகே எழுகிறது.

பல்வேறு பணிகளில் குதிரைகளை இன்றும் காணக்கூடிய இந்திய நகரங்களில் ஹைதராபாத் ஒன்று. அங்கு 1868-ல் மௌலா அலி பகுதியில் தொடங்கிய குதிரைப் பந்தயம், 6-வது நிஜாம் மீர் மெஹபூப் அலி கான் காலத்தில், 1886-ல் மலக்பேட்டுக்கு மாறியது. இப்போதும் மழைக்காலத்தில் ஒரு பருவமும் குளிர்காலத்தில் ஒரு பருவமுமாக அங்கே பந்தயங்கள் நடைபெறுகின்றன. நகரக் காவல்துறையிடம் குதிரைகள் உள்ளன. மவுன்ட் அபுவில் 1948-ல் தொடங்கப்பட்டு 1975-ல் ஹைதராபாதுக்கு இடம் மாறிய சர்தார் வல்லபபாய் படேல் தேசிய போலீஸ் அகாதெமியில், ஐ.பி.எஸ். பயிற்சி பெறுவோர் குதிரையேற்றமும் கற்கின்றனர். பழைய நகரத்தின் தெருக்களில் திருமண ஊர்வலக் குதிரைகளையும் பார்க்கலாம்.

இந்தக் குதிரைகள் எந்தப் பணியில் இருந்தாலும், சில வாரங்களுக்கு ஒரு முறை லாடம் அடிப்பவரின் கைக்கு வந்தாக வேண்டும். உருதுவில் அவரை நால்பந்த் என்று அழைக்கின்றனர். லாடம் என்ற சொல்லோ தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவானது. அவருடைய ஒரு நாள் வேலையில் வேகத்துக்கும் தரத்துக்கும் இடையே நடக்கும் இழுபறி, தொழில்முறைச் சிக்கல் மட்டுமன்று. அதில் சட்டத்தின் பங்கும் உண்டு. கூலி கொடுப்பவரின் பங்கும் உண்டு.

நான்கு கால்கள், 32 ஆணிகள்

குதிரையின் குளம்பு நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும். மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லி மீட்டர் வரை வளரும். லாடம் பொருத்தப்பட்ட குளம்பு தரையில் உராய்ந்து தேயாது என்பதால், வளர்ந்த பகுதியைக் குறிப்பிட்ட இடைவெளியில் வெட்டிச் சீர்செய்து, லாடத்தை மீண்டும் பொருத்த வேண்டும். பொதுவாக 4 முதல் 6 வாரங்களுக்கு ஒரு முறை இது தேவைப்படும். பந்தயக் குதிரைகளுக்கு இடைவெளி இன்னும் குறைவு.

வேலையின் படிகள் பலருக்கும் தெரியாதவை. முதலில் குதிரையை நிறுத்தியும் நடக்கவிட்டும் பார்க்க வேண்டும். பிறகு பழைய ஆணிகளின் மடிப்பை நிமிர்த்தி லாடத்தைக் கழற்ற வேண்டும். கூடுதலாக வளர்ந்த குளம்பைக் குறடால் வெட்டி, அரத்தால் சமப்படுத்த வேண்டும். அந்தக் குளம்பின் வடிவத்துக்கு ஏற்ப லாடத்தைப் பட்டறைக் கல்லில் வைத்துத் தட்டி வளைக்க வேண்டும். அதன் பின்னரே ஆணி அடிக்கும் வேலை தொடங்கும். ஆணி முனை குளம்புச் சுவரின் வெளிப்புறத்தில் வந்ததும் அதை முறித்து, மிச்சத்தை மடித்துத் தட்டி, அரத்தால் மழமழப்பாக்க வேண்டும். இறுதியில் குதிரையை மீண்டும் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு லாடத்துக்கு 6 முதல் 8 ஆணிகள் எனக் கொண்டால், ஒரு குதிரைக்கு 24 முதல் 32 ஆணிகள் ஆகின்றன. நாளுக்கு 8 குதிரைகள் என்றால் சுமார் 200 முதல் 250 ஆணிகள். குளம்புச் சுவர் முன்பகுதியில் ஏறத்தாழ ஒரு சென்டி மீட்டர் தடிமன் கொண்டது. பக்கவாட்டில் அதைவிட மெல்லியது. அதற்கு உட்புறம் உணர்ச்சியுள்ள சதை இருக்கிறது. அடியில் தெரியும் வெண்கோடுதான் இரண்டுக்கும் எல்லை. ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே தங்க வேண்டும்.

லாட ஆணியின் முனை ஒரு பக்கம் சாய்வாக அமைக்கப்பட்டிருக்கும். அந்தச் சாய்வு உட்புறம் பார்க்கும்படி வைத்து அடித்தால் ஆணி வெளிநோக்கி வளைந்து செல்லும். திருப்பி வைத்துவிட்டால் நேராகச் சதைக்குள் இறங்கிவிடும். அனுபவமுள்ளவர்கள் சுத்தியின் ஓசையைக் கொண்டே ஆணி எங்கே செல்கிறது என்பதை அறிகின்றனர். கடினமான சுவருக்குள் செல்லும்போது ஒலி ஒரு விதமாகவும், மென்மையான பகுதிக்குள் செல்லும்போது வேறு விதமாகவும் கேட்கும். 200-க்கும் அதிகமான ஆணிகளில் ஒவ்வொன்றுக்கும் செவி கொடுப்பதற்குப் பெயர்தான் தரம்.

ஆணி சதையைத் துளைத்தால் குதிரை உடனே காலை இழுத்துக் காட்டிவிடும். துளைக்காமல் சதையை ஒட்டி அழுத்திக்கொண்டிருந்தால் அன்று எதுவும் தெரியாது. ஓரிரு நாள்களில் வலி ஏற்பட்டு, சீழ் பிடித்து, குதிரை காலை ஊன்ற மறுக்கும். அதற்குள் லாடம் அடித்தவர் வேறு பல குதிரைகளைக் கடந்து சென்றிருப்பார்.

விரைவு எங்கே பொருந்தும்?

ஒரு குதிரைக்கு நான்கு லாடங்களையும் மாற்றுவதற்குத் தேர்ந்தவருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். 8 மணி நேரத்தில் 8 குதிரைகள் என்பது இயல்பான அளவு. அதே 8 மணி நேரத்தில் 12 குதிரைகளை முடிக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடங்கள்தான் கிடைக்கும். குறையும் 20 நிமிடங்கள் எங்கிருந்து எடுக்கப்படுகின்றன என்பதில்தான் விஷயமே அடங்கியுள்ளது.

முதலில் பறிபோவது நடக்கவிட்டுப் பார்க்கும் நேரம். தொடக்கத்தில் பார்ப்பதும் முடிவில் பார்ப்பதும் வெளியில் தெரியும் வேலை அல்ல. விட்டுவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. அடுத்துப் போவது லாடத்தை வளைக்கும் நேரம். கால்நடை மருத்துவர்கள் நீண்ட காலமாகக் கண்டித்து வரும் தவறு இங்கேதான் நேர்கிறது. குளம்புக்கு ஏற்ப லாடத்தை வளைப்பதற்குப் பதிலாக, கையில் உள்ள லாடத்தைப் பொருத்திவிட்டு, அதற்கு வெளியே துருத்தி நிற்கும் குளம்பின் முன்பகுதியை அரத்தால் தேய்த்துவிடுகின்றனர். பார்வைக்குக் கச்சிதமாக இருக்கும். ஆனால், ஆணியைத் தாங்க வேண்டிய சுவரே மெலிந்துவிடும். அடுத்த முறை ஆணி அடிக்க உறுதியான இடம் குறைந்துவிடும்.

மெலிந்த சுவர் மீண்டும் முழுமையாக வளர்ந்து இறங்க 9 முதல் 12 மாதங்கள் வரை ஆகும். ஜூலையில் மழைக்காலப் பருவம் தொடங்கும்போது 20 நிமிடங்களை மிச்சப்படுத்தச் செய்த தவறு, அடுத்த ஆண்டு கோடையிலும் அந்தக் குதிரையின் காலில் இருக்கும்.

விரைவே கூடாது என்பது இதன் பொருள் அல்ல. விரைவுக்கு இடம் தரும் பகுதிகளும் இந்த வேலையில் உண்டு. ஒவ்வொரு குதிரையின் குளம்பு அளவையும் பழைய கோளாறுகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அளவுக்கேற்ற லாடங்களை முதல் நாள் மாலையே ஓரளவு வளைத்துத் தயாராக வைக்கலாம். கூர்மையான அரம் பாதி நேரத்தில் வேலையை முடிக்கும். மழுங்கிய அரம் கையையும் குளம்பையும் கெடுக்கும். பழைய லாடத்தைக் கழற்றவும் குதிரையைப் பிடித்துக்கொள்ளவும் உதவியாளர் இருந்தால், தேர்ந்தவரின் நேரம் ஆணி அடிப்பதற்கே மிஞ்சும். ஒரே லாயத்தில் உள்ள குதிரைகளை ஒரே நாளில் முடித்தால் அலைச்சல் குறையும். சமதளமான, வெளிச்சமான, உலர்ந்த இடம் இருந்தால் குதிரையும் அமைதியாக நிற்கும்.

வேலையின் வரிசையும் முக்கியம். முரண்டு பிடிக்கும் குதிரையையும் குளம்பு பழுதுபட்ட குதிரையையும் காலையில் எடுத்துக்கொள்வது நல்லது. லாடம் அடிப்பவர் நாள் முழுவதும் குனிந்து, குதிரையின் காலைத் தம் தொடைகளுக்கு இடையே தாங்கிக்கொண்டு நிற்கிறார். பிற்பகலில் முதுகு தளரும்போது கவனமும் தளரும். உதைபடும் ஆபத்தும் கூடும்.

இந்தத் தொழிலில் இயந்திரம் எந்த அளவுக்கு உதவும் என்பது 19-ம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் டிராய் நகரில் இரும்பாலை நடத்திய ஹென்றி பர்டன், லாடம் செய்யும் இயந்திரத்துக்கு 1835-ல் காப்புரிமை பெற்றார். பின்னர் 1857-ல் காப்புரிமை பெற்ற மேம்பட்ட இயந்திரம் நிமிடத்துக்கு 60 லாடங்களைச் செய்தது. லாடம் செய்யும் வேலை நொடிக்கு ஒன்று என ஆனது. அதைக் குளம்பில் பொருத்தும் வேலை மட்டும் இன்றும் குதிரைக்கு ஒரு மணி நேரம் என்ற அளவிலேயே நிற்கிறது.

மழையும் முகூர்த்தமும்

வேலை ஆண்டு முழுவதும் சீராக வந்தால் சிக்கல் பாதியாகக் குறையும். ஆனால் அது அலையலையாக வருகிறது. பந்தயப் பருவம் தொடங்குவதற்கு முன்னரும், பந்தய நாள்களை ஒட்டியும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் லாடம் தேவைப்படுகிறது. பந்தயத்தில் ஓடும் குதிரைகளுக்கு எடை குறைந்த அலுமினிய லாடம் பொருத்துவது வழக்கம். பயிற்சிக்கு இரும்பு லாடமும் பந்தயத்துக்கு அலுமினிய லாடமும் மாற்றும்போது, அதே குளம்புச் சுவரில் மீண்டும் மீண்டும் ஆணித் துளைகள் விழுகின்றன.

மழைக்காலம் இன்னொரு சுமை. ஈரத்தில் குளம்பு மென்மையாகும், உலரும்போது இறுகும். இப்படி மாறி மாறி நிகழும்போது ஆணிகள் தளர்ந்து லாடம் கழன்றுவிடுகிறது. மென்மையான குளம்பில் மிகுந்த கவனத்துடன் ஆணி அடிக்க வேண்டிய காலமும், வேலை குவியும் காலமும் ஒன்றாக வந்து சேர்வது ஹைதராபாத் பந்தய நாள்காட்டியின் இயல்பு.

முழு வேகத்தில் ஓடும் குதிரையின் லாடம் கழன்றால் ஆபத்து குதிரைக்கு மட்டுமல்ல. முதுகில் அமர்ந்திருக்கும் ஜாக்கியும், பின்னால் வரும் குதிரைகளும் அதில் சிக்கக்கூடும். திருமண ஊர்வலக் குதிரையின் கதை வேறு. முகூர்த்த மாதங்களில் அது தார்ச் சாலையிலும் சிமென்ட் தளத்திலும் நடக்கிறது. லாடம் விரைவில் தேய்கிறது. தேய்ந்த லாடம் வழுக்கும். சுற்றிலும் வாண வேடிக்கையும் மேளமும் முழங்க, கூட்டத்துக்கு நடுவே குதிரை வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மலக்பேட்டின் குதிரைக்கு மருத்துவரும் பயிற்சியாளரும் உண்டு. ஊர்வலக் குதிரைக்குப் பல நேரங்களில் லாடம் அடிப்பவர்தான் முதல் மருத்துவர்.

தில்லி எழுதிய விதி

லாடத் தொழில் நாடாளுமன்றத்தின் கவனத்துக்கு வராத ஒன்றல்ல. மாநிலங்களவைக்கு 1952-ல் நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகள் வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அரசே சட்டம் கொண்டு வரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததை அடுத்து அவர் அதைத் திரும்பப் பெற்றார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டத்தின்படி 1962-ல் அமைக்கப்பட்ட விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் அது ஹரியாணாவின் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது.

இச்சட்டத்தின் 38-வது பிரிவு, லாடம் அடிக்கும் தொழில் செய்வோர் உரிமமும் பதிவும் பெற வேண்டும் என்று விதி வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அதன்படி 1965-ல் லாடம் அடிப்போருக்கு உரிமம் வழங்கும் விதிகள் வகுக்கப்பட்டன. உரிமம் இன்றி இத்தொழிலைச் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். இப்பிரிவின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளை மீறினால் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது 3 மாதங்கள் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். 1960-ல் 100 ரூபாய் பெரிய தொகை.

அதே 1965-ல் வண்டி இழுக்கும், சுமை தூக்கும் பிராணிகளுக்கான விதிகளும் வந்தன. அவை அளவுகளைத் தெளிவாகச் சொல்கின்றன. ஒரு பிராணியை நாளுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது. வண்டி இழுக்கும் குதிரைக்கு நேர வரம்பு உண்டு. அதன் காலைக் கையில் ஏந்தி நிற்பவர் நாளுக்கு எத்தனை குதிரைகளைப் பார்க்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. யார் லாடம் அடிக்கலாம் என்று உரிமம் சொல்கிறது. எவ்வளவு அவசரமாக அடிக்கலாம் என்று எதுவும் சொல்லவில்லை.

பிரிட்டனிலும் வேகத்துக்குச் சட்ட வரம்பு கிடையாது. ஆனால் அங்கே தொழிலின் நுழைவாயில் குறுகலானது. லண்டனில் 1356-ல் தொடங்கிய லாடத் தொழிலாளர் சங்கம் 1674-ல் அரச சாசனம் பெற்றது. 1975-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெறாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பது குற்றம். பதிவு பெறச் சுமார் 4 ஆண்டுகள் தொழில் பழக வேண்டும். அவ்வாறு வருபவர் தமது நேரத்துக்குத் தாமே விலை சொல்கிறார். முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டே வேலைக்கு வருகிறார். அவசரம் அங்கு குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் முறையான பயிற்சிக்குப் பெயர் பெற்ற இடம் ராணுவம். மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடை மருத்துவப் படைப்பிரிவின் மையத்தில் லாடம் அடித்தல் தனித் தொழிலாகக் கற்பிக்கப்படுகிறது. கெய்ரோவில் 1934-ல் டோரதி புரூக் தொடங்கிய அமைப்பு, இந்தியாவிலும் உழைக்கும் குதிரைகள், கோவேறு கழுதைகளுக்கு லாடம் அடிப்போருக்குப் பயிற்சி அளித்து வருகிறது. மற்றபடி, தந்தையிடமிருந்து மகன், மாமனிடமிருந்து மருமகன் என்றே தொழில் கைமாறுகிறது. தமிழகத்தில் சாலையோர மர நிழலில் மாடுகளைக் கயிறு கட்டிச் சாய்த்து, பிளவுபட்ட குளம்புக்கு இரண்டிரண்டு தகடுகளாக லாடம் அடித்தவர்களும் இப்படிக் கற்றவர்களே.

கூலியின் கணக்கு

எண்ணிக்கை குறைந்து வரும் தொழில் இது. 2019-ம் ஆண்டின் 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து 3.4 லட்சம் மட்டுமே இருந்தன. 2012-ம் ஆண்டுடன் ஒப்பிட்டால் இது 45.6 சதவீதம் குறைவு. கோவேறு கழுதைகள் 57.1 சதவீதமும், கழுதைகள் 61 சதவீதத்துக்கு மேலும் குறைந்தன. குதிரை குறையும்போது வேலையும் குறைந்து, நிதானம் கூடும் என்று தோன்றலாம். ஆனால் நகரில் குதிரைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறும்போது, லாடம் அடிப்பவரின் நாளில் பாதி போக்குவரத்திலேயே கழிகிறது. குதிரைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு அந்த நேரத்துக்கு ஊதியம் இல்லை. இழந்ததை ஈடுகட்ட அவர் கைக்கொள்ளும் ஒரே வழி, மிஞ்சிய நேரத்தில் வேகத்தைக் கூட்டுவதுதான்.

அரசுத் திட்டங்களும் இவரை நேரடியாகக் குறிப்பிடவில்லை. 13,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டம் 18 கைத்தொழில்களைப் பட்டியலிடுகிறது. பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகையும், கருவிகள் வாங்க 15,000 ரூபாயும் அதில் உண்டு. கொல்லர், பூட்டுத் தொழிலாளி, சுத்தி மற்றும் கருவிகள் செய்பவர், காலணி தைப்பவர் ஆகியோர் பட்டியலில் உள்ளனர். லாடம் அடிப்பவர் தனித் தொழிலாளராக அதில் இல்லை. கொல்லர் என்ற தலைப்பில் அவரைச் சேர்த்தால் இரும்பைப் பற்றிய பயிற்சி கிடைக்கலாம். குளம்பைப் பற்றிய பயிற்சி கிடைக்காது.

நாடாளுமன்றத்தில் அண்மைக் காலத்தில் குதிரை பேசுபொருளானது வரியின் பெயரால்தான். குதிரைப் பந்தயப் பணயத்தின் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்க வழிசெய்யும் திருத்தங்கள் 2023 ஆகஸ்டில் நிறைவேறின. 2025 செப்டம்பர் முதல் அது 40 சதவீதமானது. பணயம் எந்தக் குதிரையின் மீது கட்டப்படுகிறதோ, அந்தக் குதிரை எதன் மீது நிற்கிறது என்பது விவாதத்துக்கு வரவில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிக்காதவை. பந்தய மையங்களும் காவல்துறையும் குதிரைக் கணக்கில் கூலி கொடுப்பதைக் குறைத்து, நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ கொடுக்கலாம். ஒரு நாளில் ஒருவர் இத்தனை குதிரைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று லாயத்தின் ஒழுங்கிலேயே எழுதலாம். இரண்டு நாள்கள் கழித்து வந்து குதிரையை நடக்கவிட்டுப் பார்ப்பதற்கும் கூலியில் ஒரு பங்கு ஒதுக்கலாம். ஹைதராபாதின் ராஜேந்திரநகரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உள்ளது. ஊர்வலக் குதிரைகளுக்கு லாடம் அடிப்போருக்கு முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அங்கே குறுகிய காலப் பயிற்சி அளிக்க முடியும்.

1960-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவதற்கான வரைவை மத்திய அரசு 2022 நவம்பரில் வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. முதல் முறை வதைக் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம் என்ற பழைய அளவு காலத்துக்குப் பொருந்தாது என்பதை ஏற்பதில் யாருக்கும் தயக்கமில்லை. அபராதத்தை உயர்த்தும்போது 1965-ம் ஆண்டின் உரிம விதியையும் எடுத்துப் பார்ப்பது பொருத்தம். உரிமத்துடன் பயிற்சியையும், பயிற்சியுடன் நியாயமான கூலியையும் சேர்த்தால், லாடம் அடிப்பவர் கடைசி ஆணியை அடித்த பிறகும் சில நிமிடங்கள் நின்று, குதிரை நடப்பதைப் பார்த்துவிட்டுப் போவார்.